ஏழாம் நம்பர் வளையம்

ஹோர்ஷம்
ஒக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பஸ்ஸில் களைப்பில்லாமல் போய்ச் சேர்ந்தீர்களா? முழங்கால் நோவு எப்படி? அத்தானுக்கும் ராகவிக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். நான் சுகமாக இருக்கிறேன்.

போனில் கதைத்தால் ஐந்து நிமிடத்தில் சண்டையில் முடிகிறது, இனிமேல் கடிதம்தான் என்று பஸ் ஏறும்போது நீங்கள் போட்ட சட்டத்தை மதித்து எழுதுகிறேன். முத்திரை வாங்கப் போனபோது தபால்கந்தோரில் இருந்த பெண் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

நீங்கள் இங்கே நின்ற நாட்களில் என் வேலையைப் பற்றி ஒழுங்காகச் சொல்லவில்லை. விடியவே டவுனில் இருக்கும் கந்தோருக்குப் போய் இருட்டத்தான் வந்தேன். வீட்டுக்கு முன்னால் கீத்தின் கோதுமை வயலுக்குள் வெள்ளை வளையங்கள் பதித்திருந்தனவே, அவைதான் என் வேலை. புதன்கிழமைகளில் ஒவ்வொரு வளையத்தின் மேலும் மூடி போட்டு ஒரு மணித்தியாலம் விடுவேன். மண்ணிலிருந்து எழும்பும் காற்று உள்ளே சேரும். அதை ஊசியால் உறிஞ்சிச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து உங்கள் பக்கம், மெல்பேர்னுக்கு அனுப்புவேன். அதில் எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று அங்கே பார்ப்பார்கள்.

நாங்கள் தேடுவது நைட்ரஸ் ஒக்சைட். யூரியா போட்ட மண்ணில் ஈரம் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை விடும். பூமியைச் சூடாக்குவதில் கார்ப் புகையில் வருகிற வாயுவை இது எங்கேயோ மிஞ்சிவிடும். ஆனால் இது மழையை மட்டும் நம்பிய மானாவாரி வயல். இந்த வருஷம் மழை கையை விரித்துவிட்டது. குப்பிகளில் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

எனக்கு அதுதான் கவலை. மெல்பேர்னில் இருக்கும் எங்கள் தலைமை ஆராய்ச்சியாளர் பிரதீப்குமார், அவர் கோயம்புத்தூர்க்காரர், இந்த வயலை இன்னும் ஒரு வருஷம் நடத்தக் காசு கேட்டு எழுதவேண்டும். ஒன்றுமில்லாததை அளக்க யார் காசு தருவார்கள்? கிறிஸ்மஸோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இந்த வேலை போனால் எனக்குப் பெரிய துக்கமாக இருக்கும், அக்கா.

அன்புத் தங்கை,
தர்சினி


டண்டினொங்
ஒக்டோபர் 12

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் கட்டித் தந்த மிளகாய்த்தூள் தீர்ந்திருக்காது என்று தெரியும், தொட்டிருக்கவே மாட்டாய்.

உன் கடிதத்தைப் பாண் பக்டரிக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தரம் வாசித்தேன். நான் இங்கே கோதுமை மாவில் சுட்ட பாணை அடுக்குகிறேன், நீ அங்கே பாண் முளைக்கிற மண்ணுக்கு மூச்சுப் பரிசோதனை செய்கிறாய். ஒரு வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் கோதுமையில் வந்து நிற்கிறோம் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. மண் மூச்சு விடுகிறது என்றால் இரவில் கூடவா, பகலில் கூடவா? மூடியைப் போட்டால் அதற்குத் திணறாதா? ராகவியிடம் கேட்டேன். 'கூகிள் இட், அம்மா' என்றுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

இன்னொரு விஷயம். என்னோடு முந்தி வேலை செய்த கல்யாணி இப்போது இங்கே ஒரு சாப்பாட்டுக் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் பொறுப்பாக இருக்கிறாள். உன்னைப் போல ஒரு ஆளைத் தேடுகிறார்களாம். வீட்டிலிருந்து ஒரே பஸ். நான் வற்புறுத்தவில்லை, காதில் போட்டு வைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தான் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா,
யோகா


ஹோர்ஷம்
ஒக்டோபர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலந்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. மிளகாய்த்தூளைத் தொட்டேன், சத்தியமாக.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். மண் இரவும் பகலும் மூச்சு விடும், பகலில் சூட்டோடு கொஞ்சம் கூட. ஒரு மணித்தியாலம் மூடினால் திணறாது, அதற்குப் பிறகு என்றால் நாங்கள் எடுக்கும் கணக்குப் பிழைக்கும்.

இனி நியூஸ். நீங்கள் பஸ் ஏறிப் போன மறுநாள் புதன்கிழமை வழக்கம்போலக் காற்று எடுத்தேன் அல்லவா, அந்தக் குப்பிகளின் முடிவு வந்திருக்கிறது. எல்லா வளையத்திலும் பழைய கதைதான். ஏழாம் நம்பரில் மட்டும் நைட்ரஸ் ஒக்சைட் கிடுகிடுவென்று ஏறி நிற்கிறது. இரண்டு மாதமாக மழை இல்லாத வயலில் இது வரவே கூடாது. குப்பி ஒழுகியிருக்குமோ என்று திரும்பவும் அளந்தார்கள். அதே எண்தான்.

பிரதீப்குமார் போன் எடுத்து, "இது மட்டும் நிஜம்னா அடுத்த வருஷத்துக்குக் காசு கேட்க எனக்கு வாய் இருக்கு. ஏன் வந்ததுன்னு கண்டுபிடிங்க" என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ஏன் என்றுதான் தெரியவில்லை. அந்த இடத்தில் யூரியா கூட விழுந்ததா? ஆடு புகுந்து மூத்திரம் பெய்ததா? கீத்திடம் கேட்டேன், இந்தப் பக்கம் ஆடு விடவில்லை என்கிறார். ஏழாம் நம்பருக்குள் நிற்கும் கோதுமையும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பச்சையாக நிற்கிறது. நாள் முழுக்க அதையே யோசித்துக்கொண்டு திரிகிறேன்.

கல்யாணியக்காவுக்கு நன்றி சொல்லுங்கள். இப்போதைக்கு வேண்டாம்.

அன்புடன்,
தர்சினி


டண்டினொங்
நவம்பர் 4

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று வாசித்தது மட்டும் பிடிக்கவில்லை, மற்றதெல்லாம் பிடித்தது.

ஸ்பிரிங்வேலில் மீன் வாங்க நின்றபோது பக்கத்தில் நின்ற ஆளிடம்கூடச் சொல்லிவிட்டேன், என் தங்கச்சி வறண்ட மண்ணில் ஒரு வாயு கண்டுபிடித்திருக்கிறாள் என்று. அந்தாள் வியட்நாம்காரர், தலையை ஆட்டினார். அத்தான் சொல்கிறார் அந்த வாயு பல்லுப் பிடுங்கும் இடத்தில் மூக்கில் வைக்கிற சிரிப்பு வாயுவாம். உண்மையா? அப்படியென்றால் ஏழாம் நம்பரடியில் குனிந்து நிற்கும்போது உனக்குச் சிரிப்பு வருகிறதா?

நானும் சும்மா இருக்கவில்லை. பின்வளவில் நிற்கிற கறிவேப்பிலைச் சாடியின் மேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். உள்பக்கம் வேர்த்துப்போய் நின்றது. அது வாயுவா தண்ணியா என்று எழுது. ராகவி ஜன்னலுக்குள்ளால் பார்த்து, 'அம்மா, வட் ஆர் யூ டூயிங்?' என்றாள். 'ரிசேர்ச்' என்றேன். முதன்முறையாக வெளியே வந்து பக்கத்தில் நின்றாள்.

கல்யாணி டிசம்பர் வரை அந்த இடத்தை உனக்காக வைத்திருக்கிறாள். சும்மா சொல்கிறேன்.

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி.

உன் அக்கா,
யோகா


ஹோர்ஷம்
நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே வேண்டுகிறேன். கிண்ணத்தில் வேர்த்தது தண்ணிதான். சிரிப்பு வாயு என்பதும் உண்மை, ஆனால் வயலில் அது மிகச் சொற்பம். எனக்கு இந்தக் கிழமை சிரிப்பும் வரவில்லை.

ஒரு சின்ன விஷயம் கேட்கவேண்டும். நீங்கள் சோறு போடும்போது அரிசியை எத்தனை தரம் கழுவுவீர்கள்? கறிவேப்பிலைக்கு ஊற்றுவது முதல் தண்ணியா, கடைசித் தண்ணியா? ஒரு தரத்துக்கு எவ்வளவு வரும்? இங்கே வந்து நின்றபோதும் அந்தச் சிவப்பரிசிதானே கொண்டுவந்தீர்கள்?

ஏழாம் நம்பரைப் பற்றி ஒன்றும் புதிதாக இல்லை. அது எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. படலையடியில், வயலுக்குள் இறங்குகிற வாசலில், வீட்டுக்குக் கிட்ட நிற்கிற வளையம்.

ராகவி உங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றதை வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது.

அன்புடன்,
தர்சினி


டண்டினொங்
நவம்பர் 17

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீ சமையல் கேட்டு எழுதியிருக்கிறாய் என்று அத்தானுக்குச் சொன்னேன். "அப்ப மழைதான் வரப்போகுது" என்றார்.

அரிசியை மூன்று தரம் கழுவவேண்டும். முதல் தண்ணி கலங்கலாக வரும், தூசும் குறுணியும் அதோடு போகும். அதைத்தான் மரங்களுக்கு ஊற்றுவது. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் ஊற்ற எனக்கு மனம் வராது, எங்கே போனாலும் அப்படித்தான். உன் குசினிக்கு வெளியே ஒரு செடி இல்லை, ஒரு பூக்கண்டு இல்லை. அந்தத் தண்ணியை என்ன செய்வது என்று பார்த்துவிட்டுப் படலையடியில் நின்ற

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போனேன். இப்போது உடுப்பெல்லாம் மடித்து முடிந்துவிட்டது.

தர்சினி, அதுதானா ஏழாம் நம்பர்?

சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாளும் பின்னேரம் ஊற்றினேன். உன்னுடைய நீலக் கோப்பையால் ஒவ்வொரு கோப்பை, முதல் தண்ணி, சிவப்பரிசி. அந்த வளையத்துக்குள் நின்ற பயிர்தான் மற்றதையெல்லாம்விடக் கட்டையாக வாடிப்போய் நின்றது. வேறு எதற்கும் ஊற்றவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான்.

யோகா


ஹோர்ஷம்
டிசம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் பிந்திவிட்டது. கோபத்தில் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தை முடிக்கும்போது நீங்கள் என் சுகம் கேட்கவும் இல்லை, 'உன் அக்கா' என்று போடவும் இல்லை. அது எனக்கு ஏழாம் நம்பரைவிடப் பெரிய கவலையாகப் போய்விட்டது.

அரிசியைப் பற்றிக் கேட்டு உங்களுக்கு எழுதுவதற்கு முதல் நாள் ஏழாம் நம்பருக்குள் குனிந்து பார்த்தபோது, வளையத்தின் உள்பக்கத்தோடு ஒட்டிச் சிவப்புக் குறுணி காய்ந்து கிடந்தது. இந்தப் பிரதேசத்தில் சிவப்பரிசி கழுவுகிற ஆள் யார் என்று நான் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. உங்களுக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தீர்கள். வளையத்தைத் தொடவேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லாததுதான் பிழை.

உங்கள் கடிதம் வந்த அன்றே பிரதீப்குமாருக்குப் போன் எடுத்தேன்.

"ஏழாம் நம்பரைக் கணக்கில இருந்து எடுக்கவேணும். அதுக்குள்ள தண்ணி ஊத்துப்பட்டிருக்கு" என்றேன்.

"கோதுமைக்கு யாருங்க கோப்பையில தண்ணி ஊத்துறது?"

"என்ர அக்கா. அரிசி கழுவின தண்ணி."

அவர் மெல்ல, "முதல் தண்ணியா, ரெண்டாவதா?" என்று கேட்டார். அவருடைய அம்மா முருங்கைக்கு ஊற்றுவாராம். வேறு யாராவது எனக்குத் தலைவராக இருந்திருந்தால் இதை விளங்கப்படுத்த ஒரு நாள் போயிருக்கும்.

ஏழாம் நம்பரை அறிக்கையிலிருந்து அழித்துவிட்டேன். அழிக்கும்போது அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் இரண்டாம் நாள் அவர் காரோட்டிக்கொண்டு இங்கே வந்து நின்றார். கையில் ஒரு பை சிவப்பரிசி. சில வளையங்களுக்கு வெறும் தண்ணியும் சிலவற்றுக்கு அரிசித் தண்ணியும் ஊற்றி மூடி போட்டோம். அரிசி கழுவினது அவர்தான், பாதி அரிசி கீழே போய்விட்டது. குப்பிகளை அவரே கொண்டுபோய் உடனே அளந்தார். வெறும் தண்ணிக்கே வாயு ஏறியிருக்கிறது, அரிசித் தண்ணிக்கு அதைவிடக் கூட. கஞ்சிப் பசை நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடாகியிருக்கிறது.

ஆகவே வறண்ட வயல் நல்ல பிள்ளையாகப் படுத்திருக்கிறது, ஒரு கோப்பைத் தண்ணி பட்டால் எழும்பிவிடுகிறது. வயல் முழுக்க ஒரே நேரத்தில் நனைந்தால் என்ன ஆகும்? எனக்கு இப்போது அது ஒன்றைத்தான் அறியவேண்டும். அறுவடைக்குப் பிறகு வருகிற முதல் பெரிய மழையை அளந்தால், வருஷம் முழுவதற்குமான கணக்கே அந்த ஓரிரு நாளில் இருக்கலாம் என்கிறார் பிரதீப்குமார். அதைப் பிடித்தால் காசு கேட்கலாம், இல்லாவிட்டால் இல்லை.

மழை என் ஒப்பந்தம் முடியமுன் வருமா என்று யாருக்குத் தெரியும். கல்யாணியக்காவிடம் பதினோராம் திகதி நேர்முகத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் முழங்கால் எப்படி? இதற்குக் கட்டாயம் பதில் வேண்டும்.

அன்புத் தங்கை,
தர்சினி


டண்டினொங்
டிசம்பர் 9

அன்புத் தங்கச்சிக்கு,

முழங்கால் பரவாயில்லை. படி ஏறினால் மட்டும் நோகிறது. நீ சுகமா? சாப்பிட்டாயா? இந்தக் கடிதம் தபாலில் வந்தால் பிந்திவிடும், அதனால் ராகவி படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். நான் சட்டத்தை மீறவில்லை, கடிதம் கடிதம்தான்.

ரீவியில் உங்கள் பக்கத்துக்கு வியாழக்கிழமை மழை என்று சொல்கிறார்கள். முந்தியென்றால் நான் டண்டினொங்குக்கு மட்டும்தான் பார்ப்பேன், உடுப்புக் காயப்போட. இப்போது ஹோர்ஷம் வரும்வரை ரீவியை விட்டு அரக்குவதில்லை. வியாழன்தான் பதினோராம் திகதி, உனக்கும் தெரியும். நீ ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கொடுத்த வாக்கு என்று நினைப்பாய்.

செப்டெம்பரில் நான் வந்தது உன்னைப் பார்க்க மட்டும் இல்லை. கல்யாணியின் இடத்து வேலையை அப்போதே கேட்டு வைத்துவிட்டு, உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வரத்தான் வந்தேன். சனிக்கிழமை காலை குசினி ஜன்னலால் பார்த்தேன். நீ அந்தப் படலையடி வளையத்துக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, வெடித்த மண்ணைக் கையால் அழுத்திக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தாய். அம்மா போனபிறகு நீ பாடி நான் கேட்கவில்லை. வா என்று கேட்க வந்த வாய் அதோடு அடைத்துவிட்டது. நீ வேலைக்குப் போனபிறகு, என் தங்கச்சி இவ்வளவு ஆசையாகப் பார்க்கிற பயிர் இப்படி வாடிக் கிடக்கிறதே என்றுதான் தண்ணி ஊற்றினேன். கேட்டு ஊற்றியிருக்கவேண்டும்.

இப்போது சொல்கிறேன், வராதே. கல்யாணிக்கு நானே போன் எடுத்து, "அவ மழைக்கு நிக்கிறா, வரமாட்டா" என்று சொல்லிவிட்டேன். "மழைக்கு நிக்கிறதோ? அது என்ன வேலை?" என்று கேட்டாள். அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன், நான் சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

நீ இல்லாமல் எனக்குக் கஷ்டம்தான். அத்தான் இரவு வேலை, பகலில் நித்திரை. கதைத்துச் சண்டை பிடிக்கக்கூட ஆளில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ மழையைப் பார்.

நனைந்தால் தலையைத் துடை.

உன் அக்கா,
யோகா


ஹோர்ஷம்
டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தலையைத் துடைத்தேன். தடிமன் வந்தது, போய்விட்டது. நீங்கள் மூவரும் சுகமாக இருக்கவேண்டும்.

வியாழன் மத்தியானம் மழை தொடங்கியது. அறுவடை முடிந்த வயலில் அரிதாளும் என் வளையங்களும்தான். அன்றைக்கும் அடுத்தடுத்த நாட்களும் மூடி போடுவதும் எடுப்பதுமாக நின்றேன். கீத் வந்து குடை பிடித்தார். குடை எனக்கில்லை, குப்பிப் பெட்டிக்கு. முதல் குப்பிகளின் முடிவு நேற்று வந்திருக்கிறது. எல்லா வளையத்திலும் வாயு இருக்கிறது, அக்கா. பத்து மாதம் வாய் திறக்காத வயல் ஒரு மழைக்குத் திறந்துவிட்டது. ஒரு கோப்பைக்கே எழும்பும் என்று எங்களுக்கு முன்பே தெரிந்திருக்காவிட்டால் அந்த மழையில் இறங்கி நின்றிருப்போமா என்று பிரதீப்குமார் கேட்டார். இந்த எண்களைப் பார்த்ததும் இன்னொரு வருஷத்துக்குக் காசு தர ஒத்துக்கொண்டுவிட்டார்களாம், அடுத்த அறுவடை வரை நான் இங்கேதான். அவர் சொல்லி முடித்ததும் முதலில் சந்தோஷம் வந்தது, பின்னால் உங்கள் குசினி ஞாபகம் வந்தது.

என் குப்பிகள் கிழமைக்குக் கிழமை மெல்பேர்னுக்கு வருகின்றன, நான்தான் வருவதில்லை. ஜனவரியில் பத்து நாள் வருகிறேன். நேரில் இருந்து வடிவாகச் சண்டை பிடிப்போம்.

இத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் அனுப்புகிறேன். அறுவடைக்கு முன் வளையங்களுக்குள் நின்ற கோதுமையைக் கையால் வெட்டி நிறுத்துக் கணக்கில் சேர்த்தோம். ஏழாம் நம்பரை மட்டும் சேர்க்கவில்லை. நீங்கள் தண்ணி ஊற்றிய பயிர் இந்த வயலின் கணக்கில் வராது, அதனால் அது உங்களுடையது. ஒரு கைப்பிடி இருக்கும். காய்ச்சிச் சாப்பிடுங்கள், ராகவிக்கும் கொடுங்கள்.

கழுவின முதல் தண்ணியை எதற்கு ஊற்றினீர்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
தர்சினி